இப்போ யாரு புடிச்சினுகிறான்?

சார் போனில் சொன்னது இவ்வளவுதான். "வண்டி இடது பக்கமா சாஞ்சு நிக்குதுப்பா. ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்குனா 'டங்'னு ஒரு சத்தம்." பின்னாலிருந்து அவர் மகன் குரல் கேட்டது. "ஸ்பிரிங் உடைஞ்சிருக்குப்பா. நானே மாத்திடுறேன். கம்ப்ரஸர் ஆன்லைன்ல வாங்கியாச்சு."

"சார், நான் வர்ற வரைக்கும் தம்பிய எதுலயும் கை வைக்க வேணாம்னு சொல்லுங்க" என்றேன்.

அவனைத் தடுக்க நான் நினைக்கவில்லை. வீட்டு வாசலில் வைத்துச் செய்யக்கூடிய வேலைதான் இது; நானே பல வீடுகளில் செய்திருக்கிறேன். ஆனால் கார்புரேட்டரில் தப்புச் செய்தால் வண்டி இருமும், கிளட்ச் கேபிளில் தப்புச் செய்தால் கியர் விழாது, கழட்டி மறுபடி பார்க்கலாம். ஸ்பிரிங்கில் தப்புச் செய்தவனுக்கு அந்த 'மறுபடி' கிடைப்பதில்லை.

நான் தொழில் கற்றது புதுப்பேட்டையில், ஒரு பாயிடம். 1984இல் பதினைந்து வயதில் ஹெல்பராகச் சேர்ந்தேன். அப்போது மாருதி 800 சாலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் ஷெட்டுக்கு வந்தவை அம்பாசடரும் பத்மினியும். அம்பாசடருக்கு முன்னால் சுருளே கிடையாது, முறுக்குக் கம்பிதான், பின்னால் கமான். பத்மினிக்கும் பின்னால் கமான், ஆனால் முன்னால் சுருள். பட்டை பட்டையாக அடுக்கிய அந்தக் கமானுக்குப் பாரசீகத்தில் வில் என்று பொருளாம். சார்தான் பிறகு சொன்னார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஸ்பிரிங்குக்குச் சுருள்வில் என்று போட்டிருப்பார்கள். லாரி ஷெட்டுக்காரனும் தமிழ் வாத்தியாரும் ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் கேட்காமலே.

கமானைப் பார்த்தால் அதில் எவ்வளவு விசை இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். வளைந்திருப்பது நிமிரப் பார்க்கும். சுருள் அப்படியில்லை. ஆர்முக்கும் பாடிக்கும் நடுவே சாதுவாக உட்கார்ந்திருக்கும். அதனால் பத்மினியின் முன்பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் பாய் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். ஒவ்வொரு போல்ட்டில் கை வைக்கும் முன்பும் ஒரே கேள்வி.

"இப்போ யாரு புடிச்சினுகிறான்?"

ஜாக்கி, ஸ்டாண்டு, நட்டு, கொக்கி எல்லாமே அவருக்கு ஆட்கள். வண்டியின் எடையை இப்போது யார் பிடித்திருக்கிறான், ஸ்பிரிங்கின் உதையை யார் பிடித்திருக்கிறான், நீ கழட்டப்போகிறவன் கைவிட்டால் அடுத்து யார் வாங்கிக்கொள்வான். பதில் சொல்லத் தெரியாவிட்டால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட வேண்டும். பதினைந்து வயதில் எனக்கு இது தொல்லையாகத்தான் இருந்தது.

ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு ஓட்டை இருந்தது. நான் சேர்ந்த இரண்டாவது வருடம் விழுந்த ஓட்டை. எனக்கு மூத்த ஹெல்பர் ஒருவர், லேத்துப் பட்டறையில் செய்து வாங்கிய கம்ப்ரஸரை மாட்டி ஒரு சுருளை நெருக்கிக்கொண்டிருந்தார். கம்ப்ரஸர் என்றால் ஒரு நீளத் திருகுக் கம்பி, இரண்டு கொக்கி, அவ்வளவுதான். மரை தேய்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. நான் நாலு அடி தள்ளிப் பெட்ரோலில் ஜெட் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது ஸ்பிரிங் இல்லை. அவர் இருந்தார், காதைப் பொத்திக்கொண்டு. கூரையில் வானம் தெரிந்தது. ஸ்பிரிங் பக்கத்து ஷெட்டின் டயர் குவியலில் கிடைத்தது. அவர் அடுத்த வாரம் ஊருக்குப் போய் மளிகைக் கடை வைத்துவிட்டார்.

பாய் அந்த ஓட்டையை அடைக்கவேயில்லை. வெயில் காலத்தில் மதியம் ஒரு வட்ட வெளிச்சம் தரையில் விழுந்து மெல்ல நகரும். மழைக் காலத்தில் அடியில் ஒரு பக்கெட் வைப்போம். புதுப் பையன் யார் சேர்ந்தாலும் முதல் நாள் பாய் மேலே கையைக் காட்டுவார்.

மாருதியுடன் மெக்பர்சன் ஸ்ட்ரட் வந்தது. ஷாக் அப்சர்பரைச் சுற்றியே சுருளை மாட்டி, இரண்டையும் ஒரே தூணாக நிறுத்தும் ஏற்பாடு; ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியரின் யோசனை. ஓட்டுகிறவனுக்கு நல்லது. கழட்டுகிறவனுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. பானெட்டைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் தூணின் தலை தெரியும்: சுற்றிலும் சிறிய நட்டுகள், நடுவில் ஒரு பெரிய நட்டு. புதிதாக வருகிறவன் கண் நேரே நடு நட்டுக்குத்தான் போகும். சிறிய நட்டுகள் தூணை வண்டியோடு பிடித்திருக்கின்றன. நடு நட்டு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிறது. கம்ப்ரஸர் போடாமல் நடு நட்டைக் கழட்டினால், ஷாக் தண்டு, மவுண்டிங், சுருள் எல்லாம் சேர்ந்து ஆளைத் தேடி வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் திருவான்மியூர் போய்ச் சேர்ந்தேன். 2001 மாடல் மாருதி 800. சார் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர்; வண்டியை விற்க மனமில்லாமல் ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறார். இடது சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்ச்சுற்று உடைந்து, முனை டயருக்கு இரண்டு விரல் தூரத்தில் நின்றது. பெரும்பாலும் அங்கேதான் உடையும். சேறும் தண்ணீரும் கீழ்த் தட்டில் தேங்கும். கல் தெறித்துப் பெயின்ட் உரிந்த இடத்தில் துரு ஏறும். துரு அரித்த சிறு குழியிலிருந்து விரிசல் கிளம்பும். திருவான்மியூரில் கடல் காற்று வேறு.

அந்தக் காற்று ஸ்பிரிங்கோடு நிற்பதில்லை. கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் விளிம்பை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தேன். வலது பக்கம் 'டக் டக்' என்றது. இடது பக்கம் ஒரு இடத்தில் 'சொத்' என்றது. அங்கே ஜாக்கி வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் உள்ளே ஏறும். பழைய வண்டியை வீட்டில் தூக்க நினைக்கிறவர்கள் முதலில் இந்தத் தட்டலைச் செய்துவிட வேண்டும். நான் முன்பக்க கிராஸ் மெம்பரின் நடுவில் தூக்கி, கெட்டியான இடங்களாகப் பார்த்து ஸ்டாண்டு கொடுக்க முடிவு செய்தேன்.

போர்ட்டிகோவில் வழவழப்பான டைல்ஸ். அதில் ஜாக்கி சறுக்கும். வண்டியை வெளியே சிமென்ட் தரைக்குத் தள்ளினோம். தெருவில் தார் ரோடு இருக்கிறதே என்றான் தம்பி. பத்து மணி வெயிலில் ஸ்டாண்டின் கால் தாரில் இறங்குவதை அவன் பார்த்ததில்லை. ஹேண்ட் பிரேக், முதல் கியர், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை லேசாக இளக்கி வைத்தோம். ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் கல் இருக்கிறதே என்று சார் காட்டினார். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் நொறுங்கும் சாதி. கழட்டிய சக்கரத்தைப் படுக்க வைத்து வண்டிக்கு அடியில் தள்ளியதும், "இது எதுக்குண்ணே?" என்றான் தம்பி. ஜாக்கியும் கைவிட்டு, ஸ்டாண்டும் கைவிட்டால், வாங்கிக்கொள்ள மூன்றாவதாக ஒரு ஆள்.

அவன் வாங்கிய கம்ப்ரஸரைப் பிரித்துப் பார்த்தேன். கொக்கி என் சுண்டு விரல் தடிமன்கூட இல்லை. கொக்கி சுருளிலிருந்து நழுவாமல் அடைக்கும் பின்னும் இல்லை. திருப்பி அனுப்பிவிடச் சொன்னேன். ஸ்பிரிங் மட்டும் சரியாக வாங்கியிருந்தான்: ஜோடியாக, பாகம் எண் பார்த்து, சுருளில் அடித்திருக்கும் வண்ணக் கோடுகள் இரண்டிலும் ஒன்றா என்று பார்த்து. ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் வண்டி மறுபக்கம் சாயும், பிரேக் அடித்தால் இழுக்கும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

வெர்னியரால் கம்பியின் தடிமனைப் பழையதோடு ஒத்துப் பார்க்கச் சொன்னேன். "கண்ணுக்கு ஒண்ணாத்தான் இருக்கு" என்றான். சார் அதுவரை காபி டம்ளரோடு திண்ணையில் இருந்தவர், எழுந்து வந்துவிட்டார். கம்பியின் தடிமன் 10 சதவீதம் கூடினால் சுருளின் விறைப்பு 46 சதவீதம் கூடுமாம். தடிமனை நாலு முறை பெருக்க வேண்டிய கணக்கு. முப்பது வருடமாக டூப்ளிகேட் ஸ்பிரிங் போட்ட வண்டிகள் மாட்டு வண்டி போல உதைப்பதைப் பார்த்திருக்கிறேன். காரணம் இவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வண்டி தாழ்வாக நிற்க வேண்டும் என்று சுருளை ஒரு சுற்று வெட்டுகிற பையன்களைப் பற்றிச் சொன்னேன். சுற்று குறைந்தால் மீதிச் சுருள் இன்னும் விறைக்கும் என்றார். வெட்டாமல் கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி இறக்குகிறவர்களும் உண்டு. அதில் இரும்பின் பதமே போய்விடும், பிறகு அது ஸ்பிரிங் இல்லை, வெறும் கம்பி.

சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. புதுச் சுருளைத் தரையில் நிறுத்தி, மேலே ஒரு பலகை வைத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகனை ஏறி நிற்கச் சொன்னார். தம்பி 70 கிலோ. சுருள் மூன்றரை சென்டிமீட்டர் இறங்கியது. "அப்ப சென்டிமீட்டருக்கு 20 கிலோ. நீ இதை எவ்வளவு நெருக்குவே?" என்று என்னைக் கேட்டார். பதினைந்து சென்டிமீட்டர் வரைக்கும் போகும் என்றேன். விரலாலேயே கணக்குப் போட்டார். முனையில் 300 கிலோ. ராபர்ட் ஹூக் 1678இல் எழுதி வைத்த விதி. ஆனால் அதற்குள் அடங்கியிருக்கும் ஆற்றல் நீளத்தோடு மட்டும் கூடாது, இரண்டு மடங்கு நெருக்கினால் நாலு மடங்கு. முழுதும் நெருக்கிய சுருளில் இருப்பது, ஒரு சிப்பம் அரிசி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து காலில் விழுகிற அளவு. "ரெண்டு கிலோ சுருள் மொத்தத்தையும் வாங்கிக்கிட்டுக் கிளம்புச்சுன்னா மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல போகும்."

நான் கூரை ஓட்டையைப் பற்றிச் சொன்னேன். தம்பி பலகையிலிருந்து மெல்ல இறங்கினான்.

இடது பக்கம் நான் செய்தேன், அவன் பார்த்தான். பிரேக் ஹோஸ் தூணில் ஒரு கிளிப்பால் மாட்டியிருக்கும். அதை முதலில் விடுவித்துவிட வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் ஹப் அந்த ரப்பர் ஹோஸில் தொங்கக் கூடாது. வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே பிய்ந்திருக்கும். தூணின் அடி போல்ட்டுகளுக்கு முந்தின இரவே சாரை எண்ணெய் அடித்து வைக்கச் சொல்லியிருந்தேன், முனகிக்கொண்டு இளகின. போல்ட்டை உருவும் முன் ஹப்பைக் கம்பியால் கட்டினேன். கட்டாவிட்டால் அது வெளியே சாய்ந்து டிரைவ் ஷாஃப்டை உள் ஜாயிண்டிலிருந்து இழுத்துவிடும். பிறகு அந்த வேலை தனி.

"இப்ப தூணை யாரு பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"மேல இருக்கிற சின்ன நட்டு."

"ஸ்பிரிங்கை?"

யோசித்தான். "நடு நட்டு. அதைத் தொடக் கூடாது."

கடைசிச் சிறு நட்டைச் சுற்றும்போது கீழே ஒரு கை தூணைப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது காலில் விழும். வெளியே எடுத்து, சாக்கின் மேல் படுக்க வைத்தோம். தலைப்பக்கம் காம்பவுண்டுச் சுவரைப் பார்க்க, யாரும் நீளவாக்கில் நிற்காதபடி. சாரின் மனைவி அந்தப் பக்கம் கோலப்பொடி டப்பாவை எடுக்க வந்தார். "அம்மா, பத்து நிமிஷம் உள்ள இருங்க" என்றேன். நான் அதிகம் குரல் உயர்த்துகிறவன் இல்லை. அன்றைக்கு உயர்ந்துவிட்டது.

கம்ப்ரஸரின் இரண்டு கம்பிகளும் நேருக்கு நேர் எதிராக இருக்க வேண்டும், கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் போல. கொக்கிகள் முடிந்த அளவு அதிகச் சுற்றுகளை வளைத்துப் பிடிக்க வேண்டும். மரையில் கிரீஸ். அடைப்புப் பின் விழுந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு கை ஸ்பானரால் இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று. ஏர் கன் வைத்து அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மரை சூடேறிக் கடிக்கும், ஒரு பக்கம் முந்தும், சுருள் வாழைப்பழம் போல வளையும். வளைந்தால் அப்படியே நிறுத்தி, மெல்ல இளக்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு நெருக்குவது என்பதற்கு அளவுகோல் தேவையில்லை. சுருள் தன் இருக்கையிலிருந்து விடுபட்டு, கையால் சுற்றினால் சுற்ற வேண்டும். அதற்கு மேல் ஒரு மரைகூட வேண்டாம், அதிகப்படியாக நெருக்குவது ஓசியில் வாங்கும் ஆபத்து.

சுற்றியது. "இப்போ?" என்றேன்.

"ரெண்டு கொக்கி. நடு நட்டு சும்மா இருக்கு."

அப்போதுதான் நடு நட்டைத் தொட்டேன்.

உள்ளே எல்லாம் எதிர்பார்த்தபடிதான். மேல் பேரிங் மணலாகக் கரகரத்தது, பம்ப் ஸ்டாப் ரப்பர் ரஸ்க் போலப் பொடிந்தது. ஷாக்கிலும் எண்ணெய் கசிந்திருந்தது. தம்பி அதையும் ஜோடியாக வாங்கி வைத்திருந்தான். இவ்வளவு தூரம் பிரித்துவிட்டுப் பழைய பேரிங்கைத் திருப்பிப் போடுவது சிக்கனம் இல்லை. பழைய சுருளைக் கம்ப்ரஸரிலிருந்து இறக்குவதும் ஏற்றுவதைப் போலவேதான், இரண்டு சுற்று இங்கே, இரண்டு சுற்று அங்கே. முடிந்துவிட்டது என்ற நினைப்பில் ஒரு பக்கத்தைக் கடகடவென்று இளக்கும்போதுதான் கைகள் போயிருக்கின்றன.

புதுச் சுருளை நெருக்கி மாட்டும்போது ஒரே ஒரு நுணுக்கம். கீழ்த் தட்டில் ஒரு படி இருக்கும், கம்பியின் முனை அந்தப் படியில் முட்டி உட்கார வேண்டும். அரை அங்குலம் தள்ளி உட்கார்ந்தால், முதல் பள்ளத்தில் 'டக்' என்று தானாகத் திரும்பும், வண்டிக்காரர் மறுநாளே வந்து நிற்பார். நடு நட்டு புதிது. பூட்டு நட்டை இரண்டாம் முறை பயன்படுத்துவதில்லை. தம்பி தன் டார்க் ரெஞ்சை எடுத்து நீட்டினான். நாங்கள் முறுக்கை மணிக்கட்டில் அளந்தவர்கள். பாயின் மணிக்கட்டு சரியாக இருந்தது. என்னுடையது ஐம்பது வயதுக்கு மேல் கொஞ்சம் பொய் சொல்கிறது. வாங்கிக்கொண்டேன்.

வலது பக்கம் அவன் செய்தான். நான் திண்ணையில் சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி மட்டும் கேட்டேன். நாலு கேள்விக்குப் பிறகு அவனே உரக்கச் சொல்லத் தொடங்கிவிட்டான். "ஸ்டாண்டு பிடிச்சிருக்கு. கொக்கி பிடிச்சிருக்கு. பின் விழுந்திருக்கு." எதிர்வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பின்பக்கத்தையும் மாற்றலாமா என்று சார் கேட்டார். தேவையில்லை, நன்றாக நின்றது. 800க்கு முதலில் பின்னால் கமான்தான் இருந்தது. 1986இல் வண்டி உருவம் மாறியபோது அங்கேயும் சுருள் வந்தது. அதில் சுருள் தனி, ஷாக் தனி, ஆக்சிலைத் தாழ்த்தினால் சுருள் கையோடு வரும், கம்ப்ரஸர் வேண்டாம். அந்த எளிமையை நம்பி, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுக்காமலே ஷாக் போல்ட்டை உருவியவர்கள் உண்டு. அங்கே ஆக்சிலைக் கீழே விழாமல் நிறுத்தி வைத்திருப்பவன் ஷாக்தான்.

வண்டியை இறக்கியபோது மணி பன்னிரண்டரை. சார் டேப் வைத்துச் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தார். இரண்டு பக்கமும் ஒன்று. ஓட்டிப் பார்த்துவிட்டு நாளைக்கு அலைன்மென்ட் விட்டுவிடுங்கள் என்றேன். புதுச் சுருள் சில நாளில் கொஞ்சம் உட்காரும், அதுவும் இயல்பு. அம்மா சாப்பிட இலை போட்டுவிட்டதாகச் சொன்னார்.

சாக்கை உதறி மடிக்கப் போன தம்பி அப்படியே நின்றான். சாக்கின் மடிப்பில், கட்டை விரல் நகம் அளவில், ஒரு கிளிப். பிரேக் ஹோஸ் கிளிப்.

"வலதுல நான் போட்டேண்ணே. போட்டோகூட எடுத்தேன்."

இடது பக்கம் நான் செய்தது. சாரின் முகத்தை நான் பார்க்கவில்லை. தம்பி ஒன்றும் பேசாமல் பின் சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் குனிந்தான். நான் ஜாக்கியை எடுக்கப் போனேன்.